மஞ்சள் லைட்டு

சிட்லபாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால் முதலில் மண்டபத்தைப் பிடிப்பார்கள், அடுத்தது சாஹிராவைப் பிடிப்பார்கள். சில பேர் சாஹிராவைப் பிடித்துவிட்டுத்தான் மண்டபத்துக்கே போவார்கள். இத்தனைக்கும் அவளுக்குப் போர்டு கிடையாது, ஏசி கிடையாது. வீட்டு முன்னறையில் ஒரு பெரிய கண்ணாடி, ஒரு சுழல் நாற்காலி, இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல், அவ்வளவுதான் பார்லர். பின்னல் போடும்போது ஒரு பெண் "ஸ்ஸ்" என்று முனகினால் போதும், "இதுக்கே கத்தினா நாளைக்குப் புள்ளை எப்படிப் பெத்துப்பே?" என்று ஒரு அதட்டல் விழும். திட்டு வாங்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்களே தவிர எழுந்து போனவள் ஒருத்தியும் இல்லை.

காரணம் உண்டு. மற்ற பார்லர்களில் கறுத்த பெண் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளையடித்து அனுப்புவார்கள். சாஹிராவுக்கு அது மட்டும் ஆகவே ஆகாது. "செவுத்துக்குத்தான் சுண்ணாம்பு. மூஞ்சிக்கு எதுக்கு?" என்பாள். பெண்ணின் நிறம் எதுவோ அந்த நிறத்திலேயே ஒரு களையைக் கொண்டுவந்து நிறுத்துவாள். மேடையில் வீடியோ லைட்டு முகத்தில் விழுந்ததும் கூட்டத்தில் பேச்சு அடங்கும். "சாஹிரா கைராசி" என்பார்கள். "கையும் இல்ல, ராசியும் இல்ல, போங்க அந்தாண்டை" என்று அவள் வெளியே சலித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் பெருமைதான். இருக்காதா பின்னே? வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்த காலத்தில் தனியாகக் கற்றுக்கொண்டு, தனியாக நின்று சம்பாதித்த பேர் அது.

அந்தக் கைராசியில் ஒரு பங்கு ஒரு விளக்குக்குச் சேர வேண்டியது என்று அவளுக்கு ரொம்ப நாள் தெரியாது.

அவள் கணவர் அஸ்கர் தம்மாமிலிருந்து லீவில் வந்தபோது அட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்த ஹாலஜன் விளக்கு. ஆள் உயரக் கறுப்புத் தண்டு, உச்சியில் மேலே பார்த்த கிண்ணம். வெளிச்சம் நேராக மேலே போய்க் கூரையில் அடித்து, அறை முழுக்க மஞ்சளாக இறங்கும். முகத்தில் நிழலே விழாது. ஆனால் கொதிப்பு இருக்கிறதே, அப்பப்பா! வைகாசி மாதத்தில் அதன் கீழே உட்காருவதும் அடுப்புக்குள்ளே தலையை விடுவதும் ஒன்றுதான். பூச்சிகள் கிண்ணத்துக்குள் விழுந்து கருகி நாறும். கூரையில் வட்டமாகப் பழுப்பேறிக் கிடந்தது. கரண்ட் பில்லைப் பற்றி அஸ்கர் பேச ஆரம்பித்தால் சாஹிரா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

அது கொதித்ததற்காகவோ கரண்டைக் குடித்ததற்காகவோ அவள் அதை மாற்றவில்லை. அந்த வருஷம், இரண்டாயிரத்து ஒன்பதில், கரண்ட் நினைத்தபோது போய்க்கொண்டிருந்தது. சேலையூர்ப் பெண் ஒருத்திக்கு ஒரு கண்ணுக்கு மை போட்டு முடித்து மறு கண்ணுக்குப் போகும்போது படக்கென்று இருட்டு. இன்வெர்ட்டர் இருந்தது, ஆனால் இந்த விளக்கைப் போட்டால் கீ கீ என்று கத்திவிட்டு அணைந்துபோகும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் மறு கண்ணை வரைந்து அனுப்பிவிட்டு, அந்தப் பெண் மண்டபம் போய்ச் சேரும்வரை சாஹிரா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். "இனிமே இந்தப் பேஜாரு வேணாங்க. கரண்ட் போனாலும் எரியறாப்பல ஒண்ணு பாருங்க" என்றாள்.

அஸ்கர் அப்போது ஊரோடு திரும்பி வந்து, திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் மேஸ்திரியாக இருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ரிச்சி தெருவுக்குப் போய் அலைந்து திரிந்து ஒரு எல்இடி விளக்கு வாங்கி வந்தார். மெல்லிய வெள்ளித் தண்டு, தட்டையான தலை, அதில் புள்ளி புள்ளியாக பல்புகள். போட்டதும் அறை பால் கொட்டினாற்போல வெளுத்தது. மனிதர் புது மாப்பிள்ளை மாதிரி சிரித்தார். "கையை வெச்சுப் பாரு. சுடுதா? ஒரு டியூப்லைட்டு இழுக்கற கரண்ட்டுல பாதிகூட இழுக்காது. இன்வெர்ட்டர்ல நாள் முழுக்க எரியும்." பழைய விளக்கை மட்டும் அவருக்குத் தூக்கிப் போட மனசு வரவில்லை. துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார்.

அந்த எல்இடியின் கீழே உட்கார்ந்த முதல் கல்யாணப் பெண் தீபா.

தீபா என்றால் அங்காளம்மாளின் சின்ன மகள். அங்காளம்மாள் இந்த ஊரின் பழைய குடும்பம். ஏரிப் பாசனத்தில் அவர்கள் நெல் விதைத்த இடத்தில்தான் இன்றைக்குப் பாதித் தெரு நிற்கிறது. சாஹிராவை நம்பி முதன்முதலில் ஒரு பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்தது அங்காளம்மாள்தான். அது அவளுடைய மூத்த மகள். "நம்ம சாஹிரா" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்ததும் அவள்தான். அப்படிப்பட்டவளாலேயே தீபாவின் நிச்சயதார்த்தத்தன்று சாஹிராவைக் கூப்பிட முடியாமல் போனது. சாஹிரா அன்றைக்கு வேலூரில் ஒரு மௌத்துக்கு, துக்கம் கேட்கப் போயிருந்தாள். அவசரத்துக்கு வேறு ஒரு பார்லர்காரியைப் பிடித்தார்கள்.

தீபா நல்ல கறுப்பு. பெண் பார்க்க வந்தவர்கள் "கலர்தான் கொஞ்சம்" என்று இழுத்துவிட்டுப் போன கதை தெருவுக்கே தெரியும். இந்த மாப்பிள்ளை கிருபா ஒருத்தன்தான் வந்த அன்றைக்கே பிடித்திருக்கிறது என்று சொன்னான். அந்த பார்லர்காரி என்ன செய்தாள்? டப்பா டப்பாவாக வெள்ளையை எடுத்து அப்பிவிட்டாள். ஆல்பத்தில் தீபா சாம்பல் பூசிய சாமியார் மாதிரி இருந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அந்த ஆல்பத்தை வைத்துக்கொண்டு சிரித்தது அவள் காதுக்கே வந்தது.

கல்யாணத்துக்குச் சொல்ல வந்தபோது தீபா அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகப் பேசினாள். "ஆன்ட்டி, எனக்கு அழகா எல்லாம் வேணாம். மேடையில நான் நானா இருக்கணும். அவ்ளோதான் கேக்கறேன்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. சாஹிராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த பார்லர்காரியை நாலு வார்த்தை திட்டித் தீர்த்துவிட்டு, "உன் கலரை நான் மாத்த மாட்டேன்டி. இது என் வாக்கு" என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னாள்.

ரிசப்ஷன் சாயந்திரம். மதியம் கரண்ட் போயிற்று. எல்இடி அசையாமல் எரிந்தது. "பாத்தியா, கரண்ட் போனதே தெரியல!" என்று சாஹிரா குதூகலித்தாள். வேர்வை இல்லை, புழுக்கம் இல்லை, போட்ட பவுடர் போட்ட இடத்தில் நின்றது. ஒரே ஒரு குறை. தீபாவின் முகம் அந்த வெளிச்சத்தில் செத்துக் கிடந்தது. நீலம் பாரித்தாற்போல ஒரு சோர்வு. கல்யாணப் பெண்ணுக்குத் தூக்கம் எங்கே, அதுதான் என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் உயிர் வரட்டும் என்று செம்பழுப்பு கிரீமை எடுத்தாள். போதவில்லை. இன்னும் கொஞ்சம். கன்னத்துக்கு ரூஜ், அதுவும் போதவில்லை, இன்னும் கொஞ்சம். முகம் மெல்ல மெல்ல உயிர் பெற்றது. கழுத்தோடு ஒட்டி நிற்கிறதா என்று பார்த்தாள், ஒட்டித்தான் நின்றது.

தீபா கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, இது நான்தான்" என்றாள். சாஹிரா சந்தோஷத்தில் அவள் தலையில் ஒரு குட்டு வைத்து, "வேற யாரு, என் மாமியாரா? எழுந்திரு, கார் வந்துடுச்சு" என்றாள்.

மாடம்பாக்கத்தில் மண்டபம். சாஹிராவுக்கு ஒரு வழக்கம். பெண்ணை மேடை ஏற்றிவிட்டுக் கடைசி வரிசையில் போய் நின்றுகொள்வாள். வீடியோ லைட்டு விழுகிற அந்த நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவாள். அன்றைக்கும் நின்றாள். வீடியோ எடுப்பவர் ஏசுபாதம், எத்தனையோ கல்யாணத்தில் பார்த்துப் பழகிய ஆள். ஸ்டாண்டில் இருந்த பெரிய லைட்டை மேடைப் பக்கம் திருப்பிப் போட்டார்.

அந்த முகத்தை எப்படிச் சொல்ல? செங்கல்லை இடித்துப் பூசினாற்போல இருந்தது. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். தாடையோரத்தில் கோடு கிழித்தாற்போலத் தெரிந்தது. மண்டபத்துத் தூணில் மாட்டியிருந்த டிவியில் அதே முகம் இன்னும் பெரிதாக, இன்னும் சிவப்பாக வந்து நின்றது. பாவிப் பெண் அதற்குள்ளிருந்து எல்லோரையும் பார்த்து நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். சாஹிரா முன்னால் இருந்த நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

முன் வரிசையில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள். "நிச்சயத்தன்னிக்கு வெள்ளையா இருந்தா, இன்னிக்கு செவப்பு. நாளைக்குத் தாலி கட்டறப்ப பச்சையா வருவா பாரு" என்றாள் ஒருத்தி. சுற்றி இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

அதற்குள் அங்காளம்மாள் டிவியைப் பார்த்துவிட்டாள். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக ஏசுபாதத்திடம் போனாள். "இன்னாய்யா லைட்டு போட்டுகினு கீற? என் பொண்ணு மூஞ்சிய பாரு, மொளகாத்தூள கொட்னா மாரி கீது!"

"எல்லாக் கல்யாணத்துக்கும் இதே லைட்டுதான்மா" என்றார் அவர்.

"வாய மூடு! அது சாஹிரா கை பட்ட மூஞ்சி. அதுல தப்பு வருமா? ஒயுங்கா வேற லைட்டு போடு, இல்ல மூட்டைய கட்டு!"

ஏசுபாதம் திரும்பி சாஹிராவைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பார்வை வராமல் இருந்திருந்தால் அவள் பேசாமல்தான் இருந்திருப்பாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பேர் தப்பித்துவிடும். அங்காளம்மாளே முன்னால் நின்று காப்பாற்றிக் கொடுக்கிறாள். ஆனால் மேடையில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாளே! அவளை அப்படியே விட்டுவிட்டு எந்த மூஞ்சியோடு சாப்பிடப் போவது?

"அவரைத் திட்டாதீங்கக்கா" என்றாள். "லைட்டு நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னோடது. பொண்ணைக் கொஞ்சம் உள்ள கூட்டிட்டு வாங்க, மாத்திடறேன்."

"மாலை போட்டு மேடை ஏறின பொண்ண எறக்கறதா? இன்னா பேசற நீ?" அங்காளம்மாளுக்குப் பாதி புரியவில்லை, மீதியை அவள் நம்பத் தயாராக இல்லை.

"லைட்டு ரிப்பேருன்னு சொல்லிட்டுக் கூட்டிட்டு வாங்கக்கா. கால்ல வேணா விழறேன்."

"கடைசில என் லைட்டுதான் கெட்டுப் போச்சுன்னு ஊருக்கே சொல்லணும், அதானே?" என்று முணுமுணுத்தார் ஏசுபாதம். முணுமுணுத்தாரே ஒழிய மறுக்கவில்லை. லைட்டை அணைத்து, "பல்ப் போச்சு சார், மாத்திட்டு வரேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு மணமகள் அறைக்கு வந்தார். சாஹிரா கேட்டுக்கொண்டபடி அங்கே அதை வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

அறையில் டியூப்லைட்டு மட்டும் எரிந்தது. தீபா கண்ணாடியில் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு? என்ன ஆன்ட்டி ஆச்சு?"

"பாரு, இங்க நல்லாதான கீது!" என்றாள் அங்காளம்மாள்.

அது உண்மைதான். அந்த வெள்ளை வெளிச்சத்தில் அந்த முகத்தில் ஒரு குற்றமும் இல்லை. சாஹிரா வீடியோ லைட்டைப் போட்டாள்.

தீபா பார்த்தாள். கையைத் தூக்கிக் கழுத்தைத் தொட்டாள், அப்புறம் கன்னத்தைத் தொட்டாள். வெளியே எதற்குச் சிரித்தார்கள் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அழவில்லை. அழுதிருந்தால் சாஹிராவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு சாம்பல். இன்னிக்கு செங்கல்" என்றாள் மெதுவாக. "என் கலர் மட்டும் யாருக்கும் கிடைக்கல, இல்ல ஆன்ட்டி?"

அங்காளம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சாஹிரா எண்ணெய்ப் பஞ்சை எடுத்து முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைக்கத் துடைக்கப் பஞ்சில் சிவப்பாக வந்தது. அந்தச் சின்ன அறையில் வீடியோ லைட்டு காய்ந்தது, அவள் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது, கூரையில் மஞ்சள் வெளிச்சம். அந்தக் கொதிப்பிலும் மஞ்சளிலும்தான் அவளுக்குச் சட்டென்று உறைத்தது. வீட்டில் இத்தனை வருஷம் எரிந்த பழைய விளக்கும் இதே மஞ்சள்தான். அங்கே சரியாக இருந்த முகம் இங்கேயும் சரியாக இருந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. புது வெள்ளை விளக்குதான் போட்ட சிவப்பையெல்லாம் தின்றுவிட்டு இன்னும் போடு, இன்னும் போடு என்றிருக்கிறது. கைராசி, கைராசி என்று ஊர் சொன்னதைக் கேட்டு மிதந்தோமே! கையில் இருந்தது எவ்வளவு, விளக்கில் இருந்தது எவ்வளவு?

கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பொண்ணு எங்கே, பொண்ணு எங்கே என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாஹிரா மறுபடி முதலிலிருந்து போட்டு முடித்தாள். இந்தத் தடவை முகமும் கழுத்தும் ஒரே நிறம், தீபாவின் நிறம். நன்றாகவே வந்திருந்தது. அங்காளம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது, "இதான் எங்க சாஹிரா!" என்று நெட்டி முறித்தாள். எல்லாவற்றையும் அந்த நிமிஷமே மறந்துவிடக்கூடிய மனசு அவளுக்கு.

தீபா கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. மாலையைச் சரிசெய்துகொண்டு கதவுப் பக்கம் போனவள் நின்று, "ஆன்ட்டி, காலைல முகத்துக்கு ஒண்ணும் வேணாம். தலை மட்டும் பின்னிவிடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்கிற மாதிரி மரியாதையாகச் சொன்னாள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அஸ்கர் முகம் தொங்கிப் போய்விட்டது. "நான்தானே வாங்கிட்டு வந்தேன்" என்று ஸ்டூலைப் போட்டுப் பரணைத் திறக்கப் போனார். "பழசை இறக்கிடறேன்."

சாஹிரா எரிந்து விழுந்தாள். "இறக்கி? அந்தப் பொண்ணுகிட்ட வாக்குக் கொடுத்தது நானா, உங்க லைட்டா? மூஞ்சி செத்துப்போய்த் தெரியுதேன்னு ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சிருந்தா போதும். சன்னல் பக்கம் திருப்பியாவது பாத்திருக்கலாம். புது லைட்டு பளிச்சுன்னு எரியற சந்தோஷத்துல எனக்கு எல்லாம் தெரியும்னு அள்ளி அப்பினேன்." சொல்லிக்கொண்டே அழுதாள். அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

விடியற்காலை முகூர்த்தம். போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனாலும் போனாள். தீபா முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சாஹிரா சிக்கெடுத்து, வகிடு எடுத்து, ஜடை பின்னி, பூ வைத்தாள். இழுத்துப் பின்னும்போது வலித்திருக்கும், தீபா முனகவில்லை. சாஹிராவும் அதட்டவில்லை. மேக்கப் பெட்டி திறக்காமலே மூலையில் கிடந்தது. தீபா தானே முகத்தைக் கழுவிக்கொண்டு, தானே மை இட்டு, பொட்டு வைத்துக்கொண்டாள். நெற்றிச்சுட்டியை மட்டும் சாஹிரா மாட்டினாள். அப்போது தன் விரல் தீபாவின் நெற்றியில் பட்டுவிடக் கூடாது என்று அத்தனை கவனமாக இருந்தாள்.

சாஹிரா கடைசி வரிசையில் போய் நின்றாள். தீபா கூறைப்புடவையில் வந்து மணையில் உட்கார்ந்தாள். ஏசுபாதம் லைட்டைத் திருப்பினார். ஹோமப் புகைக்கு நடுவே கறுப்பாக, பளபளவென்று, எண்ணெய் மினுக்கும் நெற்றியோடு ஒரு பெண் டிவியில் வந்து நின்றாள். முன் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. கிருபா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஐயர் இரண்டு தடவை அவனைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அட்சதைத் தட்டோடு வந்த அங்காளம்மாள் சாஹிராவின் கையில் ஒரு பிடி திணித்துவிட்டு, அவள் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பாத்தியா எப்டி ஜொலிக்கறா! ராத்திரி என்னமோ திருஷ்டி, போச்சு வுடு. உன் கைராசி எங்க போவும்?"

சாஹிராவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "நான் அவ மூஞ்சியத் தொடவே இல்லக்கா" என்றாள். "அது அவளோட கலரு."

கெட்டிமேளத்தில் அது அங்காளம்மாளின் காதில் விழவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டே "ஆங், ஆங்" என்று தலையை ஆட்டினாள். சாஹிரா அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, காதோடு வாயை வைத்து, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள்.